சின்னான் வீட்டில் தொடங்கும் கதை

தாத்தா அவனுக்கு வைத்த பெயர் ‘காதுப் பய’. நியாயமான பெயர்தான். ‘மெர்லின்’ என்ற டிவி தொடரில் மெர்லினாக நடித்த காலின் மோர்கனுக்குக் காது இரண்டும் கொஞ்சம் விடைத்துக்கொண்டு நிற்கும். கழுத்தில் ஒரு துணியை முடிந்துகொண்டு, யாரோ விரட்டுகிற மாதிரி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பையன்தான் உலகத்திலேயே பெரிய மந்திரவாதி என்று நான் சொன்னபோது தாத்தா நம்பவில்லை. “இவனா? பங்களாவுல வேலை பாக்குற பையன் மாதிரில்ல இருக்கான்” என்றார்.

அது 2013. மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் தாமான் எனும் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரப்பர்த் தோட்டம் விற்றுப்போய், பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளும் இடிபட்ட பிறகு எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சின்னப் பட்டணத்தைச் சுற்றி ஒதுங்கின. நான் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டால் தூக்கம் வராது. தாத்தாவுக்கு எண்பத்தொரு வயது. பால்வெட்டுக் காலத்துப் பழக்கம், நாலு மணிக்கே எழுந்து, ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, போகிற ஆள் மாதிரி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். போக வேண்டிய பெரட்டு இல்லை. ஆக, காலை எட்டு மணிக்கு வீட்டில் வேலையற்ற இரண்டு பேர், ஒரு டிவி.

பசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், சீடி மூன்று பத்து வெள்ளி. திருட்டு சீடிதான், மறைப்பானேன். அதில் வந்ததுதான் ‘மெர்லின்’. ஆர்தர் ராஜாவைப் பற்றிய பழைய பிரிட்டன் கதையை வைத்து பிபிசி எடுத்த தொடர். 2008 செப்டம்பரில் தொடங்கி 2012 டிசம்பர் 24ஆம் தேதி முடிந்தது. ஐந்து பருவம், பருவத்துக்குப் பதின்மூன்று என்று மொத்தம் 65 பாகங்கள். பேச்சு இங்கிலீஷ், கீழே மலாய் எழுத்து. தாத்தாவுக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது: நான் சொல்கிற கதை ஒன்று, தாத்தா பார்க்கிற கதை வேறு.

தொடரின் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமலாட் என்ற ராஜ்யத்தில் மந்திரம் செய்தால் தலை போய்விடும். ராஜா ஊத்தர் போட்ட சட்டம். அந்த ஊருக்குப் பிறவியிலேயே மந்திரம் வாய்த்த கிராமத்துப் பையன் ஒருவன் பிழைப்பு தேடி வருகிறான். அரண்மனை வைத்தியர் கேயஸ் வீட்டில் தங்குகிறான். இளவரசன் ஆர்தருக்கு வேலைக்காரனாக அமர்த்தப்படுகிறான். பகலில் ஆர்தரின் பூட்ஸைத் துடைக்கிறான், குதிரைச் சாணம் அள்ளுகிறான். மறைவில் மந்திரத்தால் அவன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறான். காப்பாற்றியது இன்னாரென்று அவனுக்கு மட்டும் தெரியக்கூடாது. கோட்டைக்கு அடியில் குகையில் ஒரு கிழட்டு டிராகன் சங்கிலியில் கிடக்கிறது. ‘ஆர்தரை ராஜாவாக்குவது உன் விதி’ என்று அது இவனிடம் அடிக்கடி புதிர் போடுகிறது. டிராகனுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் ஹர்ட். அந்தக் குரலைக் கேட்டதும் தாத்தா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது சாமி குரல்” என்றார்.

இரண்டாவது நாளுக்குள் தாத்தா காமலாட்டைத் தோட்டமாக மாற்றிவிட்டார். ஊத்தர் பெரிய தொரை, தோட்டத்து மேனேஜர். ஆர்தர் சின்ன தொரை. மருந்துக் குப்பிகளுக்கு நடுவே ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கேயஸ், சந்தேகமே இல்லாமல், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர். எல்லா நோய்க்கும் ஒரே தண்ணி மருந்து கொடுத்த டிரெசரை அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. நூலகத்தில் பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவர் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. மெர்லினுக்கு மட்டும் புதுப்பெயர் தேவைப்படவில்லை. அவன் முதல் நாளே பங்களா பையன் ஆகிவிட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாத்தா பால்வெட்டுக்காரராகத்தான் எங்களுக்குத் தெரியும். உளியும் காண்டா வாளியுமாக முப்பது வருடத்துக்கு மேல். ஆனால் அதற்கு முன்னால், ஜப்பான்காரன் காலம் முடிந்து வெள்ளைக்காரத் தொரைமார் திரும்பி வந்த 1946இல், பதினாலு வயசில் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு வருடம். அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. காதுப் பய வந்துதான் அந்தக் கதையெல்லாம் வெளியே வந்தது.

ஒரு காட்சி. சண்டைப் போட்டிக்கு முன்னால் மெர்லின் ஆர்தருக்குக் கவசம் மாட்டிவிடுகிறான். தோள்பட்டை, முன்கை, விலாவுக்குக் கீழே வார். வாரை எப்படிப் போடுவதென்று தெரியாமல் தடுமாறுகிறான், ஆர்தர் திட்டுகிறான். நகைச்சுவைக் காட்சி, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தாத்தா சுண்ணாம்பு தடவிய வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டாவது ஓட்டைடா. சாப்பிடுறதுக்கு முந்தி ரெண்டாவது ஓட்டை, சாப்பிட்ட பொறவு மூணாவது.” எனக்குப் புரியவில்லை. அவருடைய தொரைக்குத் தினமும் பெல்ட் மாட்டிவிட்டது அவர். ராத்திரி விஸ்கி குடித்தால் மறுநாள் காலையில் ஓட்டை மாறும். “அவருக்கு எப்பக் காய்ச்சல் குளிரு வரும்னு தொரைசானிக்குத் தெரியுறதுக்கு முந்தி எனக்குத் தெரியும் கண்ணு. பூட்ஸ் கழட்டுறப்ப காலு சுடும்.”

அதற்குப் பிறகு அந்தத் தொடரை நான் பார்த்த விதமே மாறிப்போனது. டிராகன், மந்திரம், கம்ப்யூட்டரில் வரைந்த நெருப்பு எல்லாம் இருக்கட்டும். எஜமானைப் பற்றி வேலைக்காரனுக்கு எல்லாம் தெரியும், வேலைக்காரனைப் பற்றி எஜமானுக்கு ஒன்றும் தெரியாது என்கிற ஒரே விஷயத்தின்மேல்தான் அந்தக் கதை முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

கூட வேலை பார்த்த ஒருவர், நிறையப் படிப்பவர், கேன்டீனில் என்னிடம் இதை ஒரே போடாகப் போட்டார். “அது ஒரிஜினல் கதையே இல்ல லா. மெர்லின் தாடி வச்ச கெழவன். ஆர்தர் பொண்டாட்டி ராஜா மக. இவனுங்க அவளை வேலைக்காரியாக்கி, கறுப்பா ஒரு பொண்ணை வேற போட்டுட்டானுங்க.” குவென் என்கிற குவெனிவியரை அதில் கொல்லன் மகளாக, அரண்மனைத் தோழிப்பெண்ணாக வைத்திருப்பார்கள், ஏஞ்சல் கூல்பி நடித்திருப்பார். வெள்ளைக்காரி இல்லை. அதுதான் நண்பருக்கு உறுத்தல். கறுப்பாக இருப்பதைப் பற்றி எங்கள் கேன்டீனில் உட்கார்ந்து ஒருவர் குறைப்பட்டதை நான் என்னவென்று சொல்ல. அவரும் என் நிறம்தான்.

ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தை என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். படித்ததில் நண்பர் தோற்றுப்போனார்.

ஆர்தர் கதையை முதலில் விரிவாக எழுதி ஊர் உலகமெல்லாம் பரப்பியவர் ஜெஃப்ரி ஆஃப் மான்மத். 1136 வாக்கில், லத்தீனில், பிரிட்டன் அரசர்களின் வரலாறு என்று சொல்லி எழுதினார். அதில் மெர்லின் முதன்முதலில் வரும்போது கிழவன் இல்லை, பையன்! வோர்ட்டிகெர்ன் என்ற ராஜா கோட்டை கட்டுகிறான்; கட்டக் கட்ட இடிந்து விழுகிறது. அப்பன் இல்லாத பையன் ஒருவனைப் பலியிட்டு ரத்தத்தைத் தெளித்தால் நிற்கும் என்கிறார்கள் மந்திரவாதிகள். பிடித்துவரப்பட்டவன்தான் மெர்லின். “அஸ்திவாரத்துக்கு அடியில் குளம் இருக்கிறது, குளத்துக்கு அடியில் இரண்டு டிராகன் தூங்குகிறது, தோண்டிப் பார்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். தோண்டினால் சிவப்பு டிராகன் ஒன்று, வெள்ளை டிராகன் ஒன்று. ஆக, கோட்டைக்கு அடியில் டிராகன், மேலே அப்பன் பெயர் தெரியாத பையன்: பிபிசிக்காரர்கள் புதிதாகக் கட்டியதாக நண்பர் நினைத்தது கிட்டத்தட்ட 900 வருடப் பழசு. அந்த ஜெஃப்ரியின் வரலாற்றில் மெர்லினும் ஆர்தரும் நேருக்கு நேர் சந்திப்பதுகூடக் கிடையாது. ஆர்தரின் வீரர்கள் சுற்றி உட்காரும் வட்டமேசை 1155இல் வேஸ் என்ற கவிஞர் சேர்த்தது. ஆர்தரின் வீரன் லான்சலாட்டும் ராணியும் காதலிப்பது அதே நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் சேர்த்தது. ஒவ்வொருவரும் போகிற போக்கில் ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது முதல் பருவத்தின் ஐந்தாம் பாகம். லான்சலாட் அதில் ஒரு சாதாரணக் குடியானவன். நன்றாக வாள் வீசுவான். நைட் ஆக வேண்டும், அதாவது ராஜாவின் வீரப்படையில் சேர வேண்டும் என்று வருகிறான். காமலாட்டின் முதல் விதி: பிரபு குடும்பத்தில் பிறந்தவன்தான் சேரலாம். மெர்லின் என்ன செய்கிறான்? நூலகத்துக்குப் போய், பிரபுக்களின் வம்சாவளிப் புத்தகத்திலிருந்து ஒரு முத்திரையைச் சுட்டு, மந்திரத்தால் போலிப் பத்திரம் தயாரிக்கிறான். லான்சலாட் நார்தம்பிரியாவின் எல்ட்ரெட் பிரபுவுக்கு ஐந்தாவது மகன் என்று ஆகிவிடுகிறான். சேர்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஊத்தருக்குச் சந்தேகம் வந்து பத்திரத்தை நூலகக் கிழவரிடம் காட்டுகிறான். கிழவர் பார்த்துவிட்டு, எல்ட்ரெட்டுக்கு ஐந்தாவது பிள்ளையே கிடையாது என்று சொல்லிவிடுகிறார். லான்சலாட் சிறைக்குப் போகிறான்.

அந்த நூலகக் கிழவருக்கு, நம் ஆபீஸ் கிராணிக்கு, தொடரில் என்ன பெயர் தெரியுமா? ஜெஃப்ரி ஆஃப் மான்மத். பாதிக் கதையைத் தானாகவே இட்டுக்கட்டிய மனிதரைக் கூட்டிவந்து, ‘இந்தப் பிறப்புப் பத்திரம் போலி’ என்று சொல்லவைத்திருக்கிறார்கள். எழுதியவர் யாரோ, அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

நான் இந்தக் கதையைத் தாத்தாவுக்கு விளக்கி முடித்தபோது அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, “நம்ம வீரனுக்குப் போட்ட சீட்டு மாதிரி” என்றார்.

எங்கள் தோட்டத்துக் கோயில் மதுரை வீரன் கோயில். மாரியம்மன் கோயில் தொரை பங்களாவுக்குப் போகிற பாதையில் பெரிதாக இருக்கும். வீரன் இருந்தது தோட்டத்துக் கடைசியில், பழைய நிரைகளுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரம். தகரக் கூரை, ஒரு சூலம், சுதையில் செய்த ஒரு குதிரை. சுருட்டும் சாராயமும் படையல். பூசாரி தாத்தாதான். திருவிழா ராத்திரியில் உடுக்கை அடித்து வீரன் கதை பாடுவார். சின்ன வயசில் பாயில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், பாதியில் தூங்கிவிடுவேன். மாறுகால் மாறுகை வாங்குகிற இடத்தில் உடுக்கைச் சத்தம் கூடும், எழுந்துவிடுவேன்.

வீரன் கதை நமக்குத் தெரியும். காசி ராஜாவுக்குப் பிள்ளை பிறக்கிறது. கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் சின்னான் எடுத்து வளர்க்கிறான். பொம்மண நாயக்கன் மகள் பொம்மி வயசுக்கு வந்து குடிசையில் ஒதுங்கியிருக்கும்போது சின்னானுக்குக் காவல் வேலை. மழை என்று அவனுக்குப் பதிலாக வீரன் போகிறான். காதல், ஓட்டம், சண்டை. திருச்சிச் சீமையில் சேவகம், பிறகு மதுரையில் திருமலை நாயக்கரிடம். அழகர் மலைக் கள்ளர்களை அடக்குகிறான். வெள்ளையம்மாள் வருகிறாள். திருடன் என்று பிடித்து, கையையும் காலையும் வெட்டுகிறார்கள். இன்றைக்கும் மதுரை மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் அவனுக்குக் கோயில் இருக்கிறது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமும் வந்தது. அந்தப் படத்தைத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது பின்பக்கம் உட்கார்ந்து பார்த்ததாகவும், எம்.ஜி.ஆர். இடது கையில் வாள் பிடித்ததாகவும் தாத்தா சொல்வார். முன்பக்கம் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் தாத்தாவின் உடுக்கைப் பாட்டில் காசி கிடையாது. அவர் பாட்டு சின்னான் வீட்டு வாசலில்தான் தொடங்கும். சின்னான் தோலை ஊறப்போடுகிறான், சின்னான் மனைவிக்கு வலி எடுக்கிறது, பிள்ளை பிறக்கிறது, அதுதான் வீரன். முடிந்தது. ராஜாவும் இல்லை, கொடி சுற்றுவதும் இல்லை.

இதனால் ஒரு தடவை பெரிய சண்டை வந்தது. தோட்டம் விற்பனைக்கு வரும் நேரம். கோயிலை ஆற்றோரத்திலிருந்து ரோட்டோரத்துக்கு மாற்றினார்கள். பட்டணத்துப் பெரிய மனுஷர்கள் சேர்ந்து கமிட்டி, சிமெண்ட் கட்டடம், டைல்ஸ், சலவைக்கல்லில் தல வரலாறு. ‘காசி மன்னனின் திருமகனாய் அவதரித்த’ என்று முதல் வரி. தாத்தா அந்தக் கல்லை வைக்கக்கூடாது என்றார். கமிட்டியில் ஒருவர், “ஏன் பெரியவரே, நம்ம சாமி ராஜா வம்சம்னு சொன்னா நமக்குத்தானே பெருமை?” என்று கேட்டாராம். தாத்தா சொன்ன பதில் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: “அப்ப சின்னான் பெத்த புள்ளைக்கு வீரம் வராதா?”

கல் வைத்துவிட்டார்கள். தாத்தா அடுத்த வருடத்திலிருந்து உடுக்கையைத் தொடவில்லை.

நாட்டார் கதைகளை ஆராய்ந்த பலரும் தாத்தா பக்கம்தான் நிற்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து கொல்லப்பட்ட ஒருவனை ஊரே கும்பிட ஆரம்பித்ததும், அவன் பிறப்பை மாற்றியெழுத வேண்டிய அவசியம் சிலருக்கு வந்தது. ‘எடுத்து வளர்த்தான்’ என்ற ஒரே வார்த்தையில் வேலை முடிந்தது என்பது அவர்கள் வாதம். நாயக்கர் மகளும் ராஜா மகனும் என்றால் பொம்மி ஓடிப்போனதுகூட யாரையும் சுடாது. தாத்தா இந்த ஆராய்ச்சி எதையும் படித்தவரில்லை. மெர்லின் அடித்த போலி முத்திரையைப் பார்த்ததும் அவருக்கு அது பழைய சரக்காகத் தெரிந்தது. ஒரு வித்தியாசம், லான்சலாட் பத்திரத்தைக் கேட்டு வாங்கினான். வீரனை யாரும் கேட்கவில்லை.

பழங்கதையைப் புதிதாகச் சொல்கிறேன் என்று வருகிற தொடர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் பார்ப்பது இதை ஒன்றைத்தான்: மேலே ஏற்றிச் சொல்கிறார்களா, கீழே இறக்கிச் சொல்கிறார்களா. கிராபிக்ஸ், உடை, பழைய புத்தகத்தில் இப்படி இருக்கிறதா என்கிற சண்டை எல்லாம் எனக்கு அப்புறம்தான். ‘மெர்லின்’ துணிந்து இறக்கிச் சொன்னது. ராஜகுருவை எடுபிடி ஆக்கியது, ராஜா மகளைக் கொல்லன் மகள் ஆக்கியது. மூன்றாம் பருவத்துக் கடைசியில் ஆர்தர் இடிந்த கோட்டை ஒன்றில் ஒரு பழைய வட்டமேசையைச் சுற்றி நாலு சாதாரண ஆட்களை உட்காரவைத்து நைட் ஆக்குகிறான், அப்பன் சட்டத்தை மீறி. லான்சலாட்டும் அதில் ஒருவன். இந்த முறை பத்திரம் கேட்கவில்லை. தாத்தா அந்தப் பாகத்தை இரண்டு தடவை போடச் சொன்னார்.

அதைவிடவும் பெரிய குறும்பு நாலாம் பருவத்தின் முடிவில் வரும். கல்லில் செருகிய வாள்! ஆர்தர் கதை என்றாலே உலகம் முழுக்கத் தெரிந்த காட்சி. தொடரில் அது எப்படி நடக்கிறது? நாட்டை இழந்து மனசு உடைந்த ஆர்தரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறான் மெர்லின். “உண்மையான ராஜா மட்டும்தான் இந்த வாளை உருவ முடியும்னு பழைய கதை ஒன்னு இருக்கு” என்கிறான். கதையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வாளைக் கல்லில் செருகி வைத்ததே அவன்தான். ஆர்தர் இழுக்கும்போது பின்னால் நின்றுகொண்டு மந்திரத்தால் தளர்த்திவிடுகிறவனும் அவன்தான். ஊர் முழங்கால் போடுகிறது. ராஜாவைத் தூக்கி நிறுத்தும் பழங்கதையை ஒரு வேலைக்காரன் அன்றைக்குக் காலையில் கட்டினான் என்று ஒரு தொடர் சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு.

எங்கள் ஊர்ப்பக்கமே இப்படிக் காத்துக்கிடக்கிற கதை இருக்கிறது. பீடோங்கில் எங்கே நின்றாலும் ஜெராய் மலை தெரியும். அதற்குக் கீழேதான் லெம்பா பூஜாங், கடாரம் என்று நாம் பெருமை பேசுகிற இடம். மெர்போக்கில் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் புக்கிட் பத்து பகாட் சண்டியின், அதாவது பழங்காலக் கோயிலின், அடித்தளம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். நாங்கள் மெர்லின் பார்த்த அதே 2013இல் சுங்கை பத்துவில் பதினொன்றாம் எண் சண்டியை இடித்துத் தள்ளிவிட்டதாகச் செய்தி வந்து பெரிய ரகளை ஆனது. சரி, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது ராஜா பெர்சியோங்.

கெடாவில் படித்த எல்லாருக்கும் இந்தக் கோரைப்பல் ராஜா கதை தெரியும். அரண்மனைச் சமையல்காரி கீரை அரியும்போது விரலை வெட்டிக்கொள்கிறாள். ரத்தம் குழம்பில் விழுகிறது. வேறு செய்ய நேரமில்லை, அப்படியே பரிமாறுகிறாள். ராஜாவுக்கு ருசி பிடித்துவிடுகிறது. என்ன போட்டாய் என்று மிரட்டிக் கேட்கிறான். பயந்து உண்மையைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு தினமும் ரத்தம், கோரைப்பல் முளைக்கிறது, ஊர் திரண்டு விரட்டுகிறது. ஓடிப்போய்ப் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பார்கள். மலாயில் எறிதல் என்று அர்த்தம். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானே இந்தக் கதையை எழுதி 1968இல் படமாக வந்தது. எல்லாரும் ராஜாவின் பல்லையே பார்க்கிறார்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ராத்திரி என்ன ஆனது? அவளுக்கு ஒரு பெயர்கூட நான் கேட்ட கதையில் இல்லை. பணமும் ஆளும் இருக்கிற யாராவது இதைத் தொடராக எடுத்தால் குழம்புச் சட்டியிலிருந்து தொடங்கட்டும்.

‘மெர்லின்’ மேல் எனக்குக் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. நடுவில் பல பாகங்கள் ஒரே அச்சு: ஊருக்குள் வேஷம் போட்டு ஒருவர் வருவார், ஆர்தரைக் கொல்லப் பார்ப்பார், மெர்லின் கண் பொன்னிறமாக மின்னும், விட்டத்திலிருந்து ஏதாவது விழும், ஆள் காலி. ஆர்தர் எத்தனை தடவை மயங்கி விழுந்தான் என்று எண்ணி நானும் தாத்தாவும் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பெரிய குறை மோர்கனா. கேட்டி மெக்ராத் நடித்தது. ராஜாவின் வளர்ப்புப் பெண். அவளுக்கும் பிறவியில் மந்திரம். ராத்திரியில் கெட்ட கனவு, கண்ணாடி தானாக உடைகிறது, எனக்கு என்ன ஆகிறது என்று நடுங்குகிறாள். அந்த ஊரில் அவளுக்கு ஆறுதல் சொல்லக்கூடிய ஒரே ஆள் மெர்லின். எனக்கும் அப்படித்தான் என்ற ஒரே வார்த்தை போதும். சொல்ல மாட்டான். டிராகன் வேண்டாம் என்கிறது, கேயஸ் வேண்டாம் என்கிறார். கடைசியில் ஊரைக் காப்பாற்ற அவளுக்கே விஷம் கொடுக்கிறான். அடுத்த பருவத்தில் அவள் உதட்டைச் சுழித்துச் சிரிக்கிற வில்லியாக வந்து நிற்கிறாள். இடையில் அவளுக்கு என்ன நடந்தது என்று உருப்படியாகக் காட்டவே இல்லை. வேலைக்காரனைத் தூக்கி நடுவில் வைத்த கதை, பயந்துபோன ஒரு பெண்ணைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டது. தாத்தாவுக்கும் இதில் கோபம். “பயந்த புள்ளகிட்ட பக்கத்துல போயி உக்காந்திருக்க வேணாமா இவன்? காதுதான் பெருசு” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் சீடி போட வேண்டாம் என்றுவிட்டார்.

கோட்டையைப் பற்றியும் ஒன்று. அது பிரான்ஸில் இருக்கிற பியெர்ஃபோன் கோட்டை. நடுக்காலத்துக் கோட்டை மாதிரியே இருக்கும். உண்மையில் இடிந்து பாழாய்க் கிடந்ததை மூன்றாம் நெப்போலியன் சொல்லி, வியொலே லெ டியூக் என்ற கட்டடக் கலைஞர் 1857க்குப் பிறகு தன் கற்பனையையும் கலந்து எழுப்பியது. கட்டடமும் திருப்பிச் சொன்ன கதைதான்.

கடைசிப் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை. ஆர்தருக்கு வாள்குத்து, உள்ளே உடைந்து தங்கிவிட்ட துண்டு நெஞ்சை நோக்கி நகர்கிறது. காப்பாற்ற ஏரிக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால், காட்டில் வைத்துத்தான் மெர்லின் உண்மையைச் சொல்கிறான். 65 பாகத்துக்கு ஒரே ரகசியம், 65ஆவதில். ஆர்தர் முதலில் வெறுக்கிறான், விலகிப் போ என்கிறான். மெர்லின் போகவில்லை, விறகு பொறுக்கி, நெருப்பு மூட்டி, கஞ்சி கரண்டியோடு பக்கத்தில் உட்காருகிறான். ஏரிக்கரையை எட்டுவதற்குள் ஆர்தருக்கு மூச்சு வாங்குகிறது. நீ செய்ததெல்லாம் எனக்கு இப்போது தெரியும், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்கிறான். நன்றி என்கிறான்.

நான் மொழிபெயர்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது.

“சாவப் போறப்பதான் வாய் வருதா இவனுக்கு” என்றார் தாத்தா. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். அவருடைய தொரை ஊருக்குத் திரும்பிப் போன அன்று சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு நின்றிருக்கிறார். தொரை உள்ளே போய், பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கையில் கொடுத்தாராம். பதினோரு வருடம் இவர் துடைத்த பூட்ஸ். “போட்டுப் பாத்தேன். என் காலுக்குச் சேரல. அவருக்குக் காலு பெருசு.”

“என்ன செஞ்சீங்க தாத்தா?”

“வித்துட்டேன். ரெண்டு வெள்ளி.”

டிவியில் ஆர்தரைப் படகில் வைத்து ஏரிக்குள் தள்ளிவிட்டிருந்தான் மெர்லின். அப்புறம் படம் சட்டென்று மாறியது. தார் ரோடு. ஒரு லாரி விர்ரென்று போகிறது. ரோட்டோரமாக, முதுகில் மூட்டையோடு, தாடி நரைத்த கிழவன் ஒருவன் நடந்து போகிறான். ஏரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். மெர்லின்தான். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக, ஆர்தர் திரும்பி வருவான் என்று காத்துக்கொண்டு. அதோடு எழுத்து ஓட ஆரம்பித்தது.

“அடுத்த சீடி போடு” என்றார் தாத்தா.

“முடிஞ்சுபோச்சு தாத்தா. இதான் கடைசி.”

“அது எப்படி? கெழவன் இன்னும் நடந்துக்கிட்டுதானே இருக்கான்.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்த வாரம் பசார் மாலாமுக்கு அவரே என்னோடு மோட்டாரில் ஏறி வந்தார். சீடிக்காரத் தம்பியிடம் மலாயில் விசாரித்தார். இல்லை பாட்டா, இதற்கு மேல் வரவில்லை என்றான் அவன். திரும்பி வரும் வழியெல்லாம் தாத்தா பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், என் கையில் ஒரு ஐந்து வெள்ளி நோட்டைத் திணித்து, “காசுக்குப் பாக்காத. அடுத்த வாரம் நீ மட்டும் போயி வாங்கிட்டு வா” என்றார்.